ஒரே பெயர், ஒரே பதிப்பு, இரு விடைகள்

(சற்று நீண்ட பதிவு. மொழித்தரவுகளைக் கணினியில் கையாளும் ஆய்வாளர்களும் மாணவர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

நம் ஆய்வேடுகளில் ஆய்வுமுறையை விளக்கும் இயல் ஒன்று தவறாமல் இடம்பெறும். தரவு எங்கே திரட்டப்பட்டது, தகவலாளர் எத்தனை பேர், எந்த மென்பொருளால் பகுக்கப்பட்டது, அதன் பதிப்பெண் யாது என்பனவற்றை அதில் எழுதுகிறோம். அம்மென்பொருள் எவ்வகை நுண்செயலிக்காக ஆக்கப்பட்டது என்பதை மட்டும் எழுதுவதில்லை. அது கணினிப் பொறியாளர் கவலை என்று விட்டுவிடுகிறோம். தமிழ்த் தரவை ஆராய்வோருக்கு அந்த விடுபாடு ஆய்வின் விடையையே மாற்றிவிடக்கூடியது என்பதை எடுத்துரைப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் சில அடிப்படைகள். லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருள்கள் 'பொதி'களாகக் கட்டப்பட்டுக் 'களஞ்சியம்' எனப்படும் பொதுச் சேமிப்பிடத்தில் வைக்கப்படுகின்றன. பயனர் பெயரைச் சொன்னால், கணினி களஞ்சியத்திலிருந்து பொதியைத் தருவித்து நிறுவிக்கொள்ளும். ஆனால் ஒரு பெயருக்கு ஒரு பொதிதான் இருக்கும் என்று எண்ண வேண்டா. மனிதர் எழுதும் மூலநிரல் ஒன்றே. அதை இயந்திர மொழிக்கு மாற்றும்போது நுண்செயலியின் கட்டமைப்புக்கு ஏற்ப வடிவம் வேறுபடும். பழைய 32 பிட் இன்டெல் கணினிக்கு ஐ386, இன்றைய மேசைக்கணினிக்கு ஏஎம்டி64, ராஸ்பெரி பை போன்ற சிறுகணினிகளுக்கு ஆர்ம்எச்எஃப் அல்லது ஆர்ம்64 என்று டெபியன் களஞ்சியம் பெயரிட்டிருக்கிறது. பெயரும் பதிப்பும் ஒன்றாக இருக்க, கட்டமைப்பால் மட்டும் வேறுபட்ட பொதிகள் ஒரே களஞ்சியத்தில் அடுத்தடுத்து இருக்கும்.

தமிழுக்கென்றே உள்ள மூன்று பொதிகளை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

முதலாவது, லோகித் தமிழ் எழுத்துரு. எழுத்துருவில் இயந்திரக் கட்டளை எதுவும் இல்லை. எந்தக் கணினியிலும் அதே கோப்பு அப்படியே பயன்படும். ஆகவே டெபியனில் இதன் கட்டமைப்பு 'ஆல்' என்று குறிக்கப்படுகிறது. ரெட் ஹேட் மரபில் இத்தகையவற்றை 'நோஆர்ச்' என்பர். எழுத்தின் உருவம் நுண்செயலியைச் சார்ந்ததன்று.

இரண்டாவது, ஆஸ்பெல் சொல்திருத்திக்கான தமிழ்ச் சொற்பட்டியல். இதுவும் 'ஆல்' வகைதான்; ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. சொல்திருத்தி விரைவாகத் தேடுவதற்குச் சொற்பட்டியலை இரும வடிவ அட்டவணையாக மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வட்டவணை கட்டமைப்புக்கு ஏற்ப வேறுபடும். டெபியனில் இதற்குக் கண்ட வழி அழகானது. களஞ்சியத்திலிருந்து வருவது வெறும் சொற்பட்டியல். நிறுவும் வேளையில், அந்தக் கணினியிலேயே, அட்டவணை ஆக்கப்படுகிறது. அரிசியாகவே ஊர் ஊராகப் போய், அந்தந்த வீட்டு அடுப்பில் சோறாகிறது.

மூன்றாவது, ஈஸ்பீக் என்ஜி என்னும் பேச்சுத்தொகுப்பியின் தரவுப் பொதி. பார்வையற்ற மாணவர் பலருக்குத் திரையிலுள்ள தமிழைப் படித்துக் காட்டுவது இதுதான். இதிலுள்ள தமிழ் ஒலியன் பட்டியலும் எழுத்தொலி விதிகளும் மொழியியல் தரவுகளே. இயந்திரக் கட்டளைகள் அல்ல. ஆயினும் அவை முன்கூட்டியே இரும வடிவில் ஆக்கப்பட்டவை. பல பைட்டு கொண்ட எண்ணை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் நுண்செயலிகள் வேறுபடுவதால், இப்பொதி கட்டமைப்புக்கு ஒன்றாக ஆக்கப்பட்டு, அக்கட்டமைப்பின் பெயர் தாங்கிய அடைவில் வைக்கப்படுகிறது. தமிழின் ளகர ழகர வேறுபாட்டைச் சொல்லும் ஒரு கோப்பு, இன்டெல் கணினிக்கு ஓரிடத்திலும் ஆர்ம் கணினிக்கு வேறோரிடத்திலும் இருக்கிறது.

ஆக, மொழிசார்ந்தது எல்லாம் கட்டமைப்பைச் சாராதது என்றும், நிரல் மட்டுமே சார்ந்தது என்றும் கோடு கிழிக்க முடியாது. கோடு எங்கே விழும் என்பது பொதியை ஆக்கியவரின் முடிவைப் பொறுத்தது.

இனிப் பெயருக்கு வருவோம்.

ஒரு பெயர் பல பொருள்களைச் சுட்டும்போது கேட்பவர் எப்படித் தெளிகிறார் என்பது நம் இலக்கணிகளுக்குப் பழைய கேள்வி. பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிவாகும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்திருக்கிறார். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. சொல் தனியே நிற்கும்போது இருந்த ஐயத்தை வினை நீக்கிவிடுகிறது. மனிதர் ஒருவர் தம் கணினியின் முன் அமர்ந்து ஒரு பொதியை நிறுவும்போதும் இப்படித்தான். அவர் முன் உள்ள கணினியே சார்பு. எதைக் குறிக்கிறார் என்பதில் பெரும்பாலும் ஐயம் எழாது.

64 பிட் கணினிகள் பரவத் தொடங்கியபோது இச்சார்பு குலைந்தது. புதிய கணினி பழைய 32 பிட் நிரல்களையும் இயக்க வல்லது. ஆகவே ஒரே கணினியில் ஒரே நிரல்நூலகத்தின் இரு வடிவங்களும் இருக்கலாம் என்றாயிற்று. 2007இல் வெளிவந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 5இல், கட்டமைப்பைக் குறிப்பிடாமல் ஒரு பொதியின் பெயரை மட்டும் சொன்னால், களஞ்சியத்தில் இரண்டும் இருக்கும்போது இரண்டுமே நிறுவப்படும். பிறகு நிறுவியவற்றைப் பட்டியலிட்டால், ஒரே வரி எழுத்து மாறாமல் இருமுறை தோன்றும். ஏனெனில் அப்பட்டியலில் கட்டமைப்பைக் காட்டும் வழக்கம் அப்போது இல்லை. சரி, ஒன்றை நீக்கலாம் என்று பெயரைக் கொடுத்தால், அப்பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட பொதிகளைக் குறிக்கிறது என்று கணினி மறுக்கும். பலபொருள் ஒருசொல்லை முன்வைத்துவிட்டு, வினையையும் சார்பையும் மறைத்துவிட்ட நிலை. 2010இல் வந்த 6ஆம் பதிப்பில் இயல்புநிலை மாற்றப்பட்டது. கணினிக்கு மிகப் பொருத்தமான ஒன்றை மட்டும் நிறுவும்படி ஆயிற்று. ஐந்தாம் பதிப்புக்காக எழுதிய நிறுவல் குறுநிரல் ஆறாம் பதிப்பில் ஒரு சொல்லும் மாறாமல் ஓடி, வேறு விளைவைத் தந்தது.

டெபியன் வேறு வழியில் சென்றது. தொடக்கத்தில் 32 பிட் நிரல்நூலகங்கள் பலவற்றின் படிகளை ஒரே பெரும்பொதியாகக் கட்டி 'ஐஏ32-லிப்ஸ்' என்று வழங்கினார்கள். உள்ளே இருந்த நூலகம் ஒன்றில் பாதுகாப்புக் குறை தெரியவந்து மூலப்பொதி திருத்தப்பட்டாலும், இப்பெரும்பொதிக்குள் இருந்த படி தானாகத் திருந்தாது. 2013 மே மாதம் வெளிவந்த டெபியன் 7இல் இதற்கு மாற்றாக 'மல்ட்டி-ஆர்ச்' என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. இதில் பொதியின் முழுப்பெயர், பெயரும் கட்டமைப்பும் முக்காற்புள்ளியால் இணைந்தது. ஒவ்வொரு கட்டமைப்பின் நூலகத்துக்கும் தனி அடைவு. பொதி ஒவ்வொன்றும் பிற கட்டமைப்பினவற்றோடு தனக்குள்ள உறவையும் அறிவிக்க வேண்டும்: என் இருவடிவங்களும் ஒருங்கே இருக்கலாம் என்று ஒன்று சொல்லும், நான் எந்தக் கட்டமைப்பாயினும் பிற கட்டமைப்புப் பொதியின் தேவையை நிறைவேற்றுவேன் என்று மற்றொன்று சொல்லும். சார்பை நம்பியிருந்த பெயர், சார்பைத் தன்னுள்ளே ஏற்றுக்கொண்டது.

தானியங்கி நிறுவலில்தான் இதன் தேவை முழுமையாகப் புலப்படும். ரெட் ஹேட் மரபில் கிக்ஸ்டார்ட், டெபியன் மரபில் ப்ரீசீட், நிறுவிய பின் பல கணினிகளை ஒருசேர நிர்வகிக்க ஆன்சிபிள் போன்றவை எனக் கருவிகள் பல. இவற்றில் நாம் செய்வது பொதிப் பெயர்களின் பட்டியலை ஒருமுறை எழுதிவைப்பது. பின்னர் ஐம்பது கணினியானாலும் ஐந்நூறு கணினியானாலும் மனிதர் அருகில் இருப்பதில்லை. பட்டியலை எழுதியவருக்குத் தம் கணினி எது என்பது ஐயமின்றித் தெரிந்திருக்கும். பட்டியலுக்கு அது தெரியாது. சொல்லாமல் விட்ட இடத்தை அந்தந்தக் கணினியின் இயல்புநிலை நிரப்பிக்கொள்ளும்.

நுண்செயலியின் வகையைக் கணினியிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். பல நிறுவல் குறுநிரல்கள் அப்படித்தான் கேட்கின்றன. ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ராஸ்பெரி பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் அதன் 32 பிட் இயங்குதளம், வல்லமையுள்ள மாதிரிகளில் 64 பிட் கெர்னலோடு இயங்கத் தொடங்கியது. கெர்னலிடம் 'யூநேம்' கட்டளையால் கேட்டால் 64 பிட் என்று சொல்லும். பொதி மேலாண்மைக் கருவியாகிய டிபிகேஜியிடம் கேட்டால் 32 பிட் ஆர்ம்எச்எஃப் என்று சொல்லும். இரண்டும் தத்தம் அளவில் மெய்யே. முதல் விடையை நம்பி 64 பிட் நிரலைத் தருவித்த குறுநிரல்கள், அதற்குரிய நூலகங்கள் இல்லாமல் திகைத்து நின்றன.

கட்டமைப்பின் பெயரும்கூடப் பலபொருள் ஒருசொல்லாகலாம். டெபியனில் ஆர்ம்எச்எஃப் என்பது ஆர்ம் ஏழாம் தலைமுறைக் கட்டளைத் தொகுதியைக் குறிக்கும். 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையின் நுண்செயலி ஆறாம் தலைமுறையினது. அதற்காக டெபியன் பொதிகளை மீண்டும் ஆக்கி ராஸ்பியன் என்று வெளியிட்டவர்கள், அதே ஆர்ம்எச்எஃப் என்னும் பெயரையே வைத்துக்கொண்டார்கள். டெபியனின் பொதியை முதல் ராஸ்பெரி பையில் நிறுவினால், பெயர் பொருந்துவதால் நிறுவல் தடையின்றி முடியும். இயக்கும்போதுதான் அறியாத கட்டளை என்று நிரல் விழும்.

இவையெல்லாம் விழுந்துவிடும் பிழைகள்; ஆதலால் கண்ணில் படும் பிழைகள். என்னை இப்பதிவை எழுதத் தூண்டியது விழாத பிழை.

தில்லியில் நானறிந்த ஓர் ஆய்வுக்குழு, இங்கு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழரின் பேச்சில் ஆங்கிலமும் இந்தியும் எந்த அளவு கலக்கின்றன என்று ஆராய்ந்தது. பேச்சைப் பதிந்து எழுத்துப்படுத்தினார்கள். தமிழ்ச் சொல்லைத் தமிழிலும் இந்திச் சொல்லைத் தேவநாகரியிலும் ஆங்கிலச் சொல்லை ரோமன் எழுத்திலும் எழுதுவது அவர்கள் வகுத்துக்கொண்ட மரபு. சொற்களைப் பிரித்து எண்ணுவதற்குச் சி மொழியில் முன்பே எழுதப்பட்ட சிறு கருவி ஒன்று இருந்தது. அதை இன்டெல் வகைக்கும் ஆர்ம் வகைக்கும் தனித்தனிப் பொதியாக்கித் தங்கள் உட்களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். பெயர் ஒன்று, பதிப்பும் ஒன்று. பழைய மேசைக்கணினிகள் சிலவற்றோடு, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஆர்ம் கணினிகள் சிலவும் அங்கே இருந்தன. தானியங்கி நிறுவல் அந்தந்தக் கணினிக்குரிய பொதியைச் சரியாகவே தேர்ந்து நிறுவியது. கோப்புகள் கணினிகளுக்குப் பங்கிடப்பட்டன. எல்லாக் கணினியும் வெற்றி என்றே அறிவித்தன. வயதுக்குழு வாரியாக அட்டவணை உருவாயிற்று.

அட்டவணை ஒரு வியப்பான செய்தியைச் சொன்னது. முதல் தலைமுறை முதியோரும் ஆங்கிலத்தை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கலக்கிறார்கள் என்பதே அது. கட்டுரைக்கு ஏற்ற முடிவு. விளக்கம் சொல்லவும் காரணங்கள் இல்லாமலில்லை. தலைநகர அலுவலகங்கள், அரசுக் குடியிருப்புகள், பல மொழியினர் கூடி வாழும் அக்கம்பக்கம் என்று அடுக்கலாம். ஆர்.கே. புரத்தில் ஒரு மூதாட்டியைச் சந்தித்துப் பேச்சைப் பதிந்துவந்த இளைய ஆய்வாளர் மட்டும் இதை ஏற்கவில்லை. என்னிடம் அவர் சொன்னது இவ்வளவே: “அக்கா, அந்தப் பாட்டி இவ்வளவு இங்கிலீஷ் பேசவே இல்லை. கூட உட்கார்ந்து பதிவு பண்ணினது நான்தானே.”

கோப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது செய்தி வெளிப்பட்டது. ஆர்ம் கணினிகளுக்குப் போன கோப்புகளில் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே எண்ணப்பட்டிருந்தன. தமிழும் தேவநாகரியும் இடைவெளியாகக் கருதப்பட்டு மறைந்திருந்தன. திரட்டிய அட்டவணையில் அந்த மறைவு, ஆங்கிலத்தின் பெருக்கமாகத் தோற்றம் கொண்டது.

காரணம் சி மொழியின் ஒரு மூலையில் இருந்தது. ஒற்றை பைட்டைக் குறிக்க அம்மொழியில் 'சார்' என்றொரு தரவினம் உண்டு. ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். அவற்றை 0 முதல் 255 வரை என்றும் கொள்ளலாம். −128 முதல் 127 வரை என்றும் கொள்ளலாம். எதைக் கொள்வது என்று மொழியின் தரவரையறை விதிக்கவில்லை; நடைமுறைப்படுத்துவோரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. லினக்ஸில், இன்டெல் வகைக் கணினிகள் எதிர்மதிப்பு உள்ள முறையைக் கொண்டன. ஆர்ம் கணினிகள் எதிர்மதிப்பு இல்லாத முறையைக் கொண்டன. அதே ஆர்ம் வகையைச் சேர்ந்த ஆப்பிள் கணினியில் மேக் இயங்குதளமோ எதிர்மதிப்பு உள்ள முறையையே வைத்திருக்கிறது.

ஆங்கில எழுத்துகளின் மதிப்பு எல்லாம் 127க்குள் அடங்கும். அவற்றை எப்படிக் கொண்டாலும் எண் மாறாது. தமிழ் அப்படியன்று. யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். மூன்றுமே 127க்கு மேற்பட்டவை. ககரத்தின் பைட்டுகள் 224, 174, 149. இன்டெல் கணினியில் 'சார்' தரவினத்தில் இவையே −32, −82, −107 ஆகும். மேற்சொன்ன கருவியை எழுதியவர், பைட்டின் மதிப்பு சுழிக்குக் குறைவெனில் அது ஆங்கிலமல்லாத எழுத்து, அதைச் சொல்லின் உறுப்பாகக் கொள்க என்று எழுதியிருந்தார். அவருடைய இன்டெல் கணினியில் அது பிழையின்றி நடந்தது. ஆர்ம் லினக்ஸில் எந்த பைட்டும் சுழிக்குக் குறைவதில்லை. ஆகவே எந்தத் தமிழ் எழுத்தும் எழுத்தாகவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவியை ஆங்கிலத் தரவால் மட்டும் சோதித்திருந்தால், இவ்வேறுபாடு எக்காலத்திலும் தெரிந்திராது. இருகட்டமைப்பிலும் விடை ஒன்றாகவே வந்திருக்கும். தமிழ், இந்தி, வங்காளம், சிங்களம் என மேற்பாதி பைட்டுகளில் வாழும் மொழிகளுக்கே இவ்வேறுபாடு விளைவுடையது. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப் குறியேற்றங்களிலும் தமிழ் எழுத்துகள் இந்த மேற்பாதியிலேயே இருந்தன. ஆகவே பழைய தரவுத்தொகுதிகளைக் கையாள்வோரும் விலக்கல்லர். கணினி உலகம் இதை அறியாமலும் இல்லை. 2023 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.2 முதல், கெர்னலின் நிரல் முழுவதையும் எல்லாக் கட்டமைப்புகளிலும் எதிர்மதிப்பு இல்லாத முறையிலேயே ஆக்குவதென்று முடிவெடுத்தார்கள். ஆனால் கெர்னலுக்கு வெளியே, நம் ஆய்வகங்களில் கைமாறி வரும் சிறு கருவிகளுக்கு அத்தகைய காப்பு இல்லை.

ஒலியியலாருக்கும் இதில் பங்குண்டு. பழைய 32 பிட் இன்டெல் கணினிகளில் பதின்மக் கணக்குகள் வழக்கமாக 80 பிட் அகலமுள்ள இடைநிலை மதிப்புகளால் செய்யப்பட்டன. 64 பிட் வடிவத்தில் 64 பிட் மதிப்புகளே இயல்பு. ஒரே மூலநிரல், ஒரே ஒலிப்பதிவு, கடைசி இலக்கங்களில் வேறு விடை. பெரும்பாலும் அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஒரு வரம்புக்கு மேலா கீழா என்று ஒலிகளைப் பிரிக்கும்போது, எல்லையில் நிற்கும் ஒலி எப்பக்கம் விழும் என்பதை அக்கடைசி இலக்கம் தீர்மானிக்கக்கூடும்.

இது ஏதோ ஓர் ஆய்வகத்தின் சிக்கல் மட்டுமன்று. நம் நாட்டில் கட்டமைப்புகள் கலந்திருப்பதே இயல்பாகி வருகிறது. சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் பாஸும் இடம்பெற்றது. 2015இல் இந்திய அரசு திறமூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. 2023இல் இங்கே தில்லியில் பாதுகாப்பு அமைச்சகம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா இயங்குதளத்துக்கு மாறுவதாகச் செய்தி வந்தது. உபுண்டுவும் டெபியன் வழிவந்ததே. ஆகவே டெபியன் களஞ்சியத்தில் எந்தக் கட்டமைப்பு இருக்கிறது, எது இல்லை என்பது நம் அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் நேரே தொடும் செய்தி.

2025 ஆகஸ்டு 9 அன்று டெபியன் 13 வெளிவந்தது. ரிஸ்க்-வி கட்டமைப்பு முதன்முறையாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது அதில்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா ஆகிய நுண்செயலிகள் இக்கட்டமைப்பைச் சேர்ந்தவை. 2022 ஏப்ரலில் மத்திய அரசு இதற்கெனத் தனித் திட்டமே அறிவித்தது. நம் நாட்டில் வடிவமைத்த நுண்செயலிகளின் குடும்பத்துக்குக் களஞ்சியத்தில் நிலையான இடம் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். லினக்ஸில் ரிஸ்க்-வியும் ஆர்மைப் போலவே எதிர்மதிப்பு இல்லாத முறையைக் கொண்டது. இன்டெல் கணினியில் மட்டும் சோதிக்கப்பட்ட தமிழ்க் கருவிகள் சக்தியிலும் வேகாவிலும் தமிழைத் தொலைக்கக்கூடும்.

அதே டெபியன் 13இல் ஐ386 கட்டமைப்புக்கு நிறுவியும் கெர்னலும் வழங்கப்படவில்லை. 64 பிட் கணினியில் பழைய நிரல்களை இயக்குவதற்காக மட்டும் அதன் பொதிகள் களஞ்சியத்தில் நீடிக்கின்றன. 32 பிட் கணினி வைத்திருப்போர் இப்பதிப்புக்கு மாற வேண்டா. இயன்றால் 64 பிட் வடிவத்தை நிறுவுங்கள், இயலாதெனில் அக்கணினிக்கு ஓய்வு கொடுங்கள் என்பது டெபியனின் அறிவுரை. தன்னார்வலர் உழைப்பால் நடக்கும் திட்டம் எல்லாப் பழைய கட்டமைப்பையும் என்றென்றும் தாங்க முடியாது என்பது உண்மை. நன்கொடையாக வந்த பழைய கணினிகளை நம்பியிருக்கும் சிற்றூர்ப் பள்ளிக்கும் துறை நூலகத்துக்கும் இது இழப்பு என்பதும் உண்மை. களஞ்சியத்தில் பொதியின் பெயர் இன்னும் தெரிகிறது. அதை நம்பி அக்கணினியில் புதிதாக இயங்குதளத்தை நிறுவத்தான் வழியில்லை. பெயர் இருப்பதாலேயே பொருளும் கிடைக்கும் என்று திட்டம் வகுப்போர் இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

ஆய்வாளராக நாம் செய்யக்கூடியவை எளியவை. சொல்லவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆய்வுமுறை இயலில் மென்பொருளின் பெயரோடும் பதிப்போடும் இயங்குதளத்தையும் கட்டமைப்பையும் எழுதுங்கள். கட்டமைப்பைக் கெர்னலிடம் கேளாது, பொதி மேலாண்மைக் கருவியிடம் கேட்டு எழுதுங்கள். நீங்கள் நிறுவிய வடிவத்தை அறிவது அதுவே. பல கணினிகளில் பகுப்பாய்வை ஓட்டியிருந்தால், எந்தக் கோப்பு எந்தக் கணினியில் ஓடியது என்ற பதிவைப் பேணுங்கள். அது இல்லையெனில் மேற்சொன்ன பிழையைக் கண்டுபிடிக்க இயன்றிராது.

தானியங்கி நிறுவல் பட்டியலில் இரு கட்டமைப்புகள் கலக்க வாய்ப்புள்ள இடமெல்லாம் பொதியின் பெயரோடு கட்டமைப்பையும் சேர்த்து எழுதுங்கள். டெபியனும் ரெட் ஹேட்டும் அதற்கு இடம் தருகின்றன.

நிறுவல் வெற்றி என்ற அறிவிப்பைக் கருவி சரியாக இயங்குவதற்கான சான்றாகக் கொள்ளாதீர்கள். பொதி வந்து இறங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நிறுவல் முடிந்ததும் சிறிய தமிழ்க் கோப்பு ஒன்றைக் கொடுத்து, முன்பே கையால் எண்ணிவைத்த விடையோடு ஒப்பிடும் ஒரு படியைக் குறுநிரலின் இறுதியிலேயே சேர்த்துவிடுங்கள். பத்துச் சொல் போதும். அவற்றில் தமிழும் ஆங்கிலமும் இந்தியும் கலந்திருக்கட்டும். வேறு கட்டமைப்புக் கணினி உங்களிடம் இல்லாவிடினும் தடையில்லை. கியூஎம்யூ என்னும் கட்டற்ற மென்பொருள், ஆர்ம், ரிஸ்க்-வி நிரல்களை இன்டெல் கணினியிலேயே இயக்கிக் காட்டும்.

கருவியை ஆக்குவோராயின், மொழித்தரவை இயன்றவரை மனிதர் படிக்கத்தக்க உரைவடிவில் வையுங்கள். இரும வடிவம் தேவையெனில் நிறுவும் இடத்தில் ஆகட்டும். சொற்பட்டியல் பொதி காட்டிய வழி அது. ஒரு பைட்டு தமிழெழுத்தின் பகுதியா என்று அறிய அதன் எதிர்மதிப்பை நம்பாதீர்கள். எதிர்மதிப்பு இல்லாத தரவினம் என்று வெளிப்படையாக அறிவித்தே எழுதுங்கள். ஒரு சொல் கூடுதலாகத் தட்டச்சு செய்வதே இதற்காகும் செலவு.

மேற்சொன்ன குழுவின் கட்டுரை அந்த அட்டவணையோடு வெளிவந்திருந்தால், தில்லித் தமிழ் முதியோர் தாய்மொழியை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு மேற்கோள் நம் துறையில் நிலைத்திருக்கும். அடுத்த ஆய்வாளர் அதன்மேல் கட்டியிருப்பார். பிறகு யாராவது அதைச் சான்றாகக் காட்டி, இவர்களுக்குத் தமிழ்வழிப் பள்ளி எதற்கு என்றும் கேட்டிருக்கலாம். அந்த முதியோருள் ஒருவரும் அக்கட்டுரையைப் படித்து மறுத்திருக்கப் போவதில்லை. கருவியைச் சோதிக்கும் கடமையிலிருந்து மொழியியலார் விலகி நிற்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். அக்குழு கருவியைத் திருத்தி, எல்லாக் கோப்புகளையும் மீண்டும் ஓட்டி, இரு கட்டமைப்பிலும் ஒரே விடை வருவதை உறுதி செய்தபின் அட்டவணையைப் புதிதாக எழுதியது. கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியில் கட்டமைப்பின் பெயரும் இப்போது இருக்கிறது.